காந்த நாடாவும் காப்பு நகலும்

முதுகலை இரண்டாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன ஒளித்திரையும் விசைப்பலகையுமே. நாம் சேர்த்து வைக்கும் செய்திகள் அதனுள் எங்கே குடியிருக்கின்றன, அந்தக் குடியிருப்பு ஒரு நாள் இடிந்து விழுந்தால் அவை என்னவாகும் என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணிப் பார்த்தவன் அல்லன். சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் துறைத்தலைவர் அவர்கள் என்னை அழைத்து, "ஏம்ப்பா, ஆய்வக மூலையில ஒரு பெட்டி கிடக்கு. அதை ஓட வைக்க முடியுதான்னு பாரு" என்று கூறினார்கள். அன்று தொடங்கிய பாடம் இது. வகுப்பில் நடத்தப்படாத பாடம் ஆகையால், பின் வரும் மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி, நான் செய்த பெரும்பிழை ஒன்றையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியில் இருந்தது எல்.டி.ஓ.-5 என்னும் வகையைச் சேர்ந்த ஒரு டேப் டிரைவ். நம் கல்லூரியில் படித்து இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர், அங்கே புதிய கருவி வாங்கியபோது பழையதைக் கேட்டுப் பெற்று அனுப்பி வைத்திருந்தார். உடன் ஒரு இணைப்பு அட்டை, ஒரு தடித்த கம்பி, பன்னிரண்டு நாடாப் பேழைகள், துப்புரவுப் பேழை ஒன்று. நண்பர்கள் நகைத்தனர். "இந்தக் காலத்தில் டேப்பா?" என்றனர். ஆய்வக உதவியாளர் அண்ணன் அவர்கள் முன்பு கேசட் பதிவு செய்யும் கடையில் வேலை பார்த்தவர், அவர் பேழை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இளையராஜா பாட்டு எத்தனை புடிக்கும் தம்பி?" என்று கேட்டார். கணக்கிட்டுச் சொன்னேன்: ஒரு பாட்டிற்கு 5 மெகாபைட்டு என்று கொண்டால் மூன்று இலட்சம் பாட்டு. அதன் பிறகு அவரும் என்னோடு சேர்ந்துகொண்டார்.

நாடாவின் வரலாறு

கணிப்பொறிச் செய்திகளை நாடாவில் பதிப்பது புதிய வழக்கமன்று. 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவில் யூனிவாக் கணிப்பொறியோடு வந்த யூனிசெர்வோ என்னும் கருவியே இவ்வகையில் முன்னோடி. அதன் நாடா பிளாஸ்டிக்கால் ஆனதன்று. நிக்கல் பூசிய பாஸ்பர் வெண்கலத் தகடு. அரை அங்குல அகலமுள்ள உலோக நாடா அது. அடுத்த ஆண்டே ஐ.பி.எம். நிறுவனம் 726 என்னும் கருவியைக் கொணர்ந்தது. அதில் காந்தப் பொடி பூசிய பிளாஸ்டிக் நாடா பயன்பட்டது. ஒரு சுருளில் ஏறத்தாழ 20 இலட்சம் இலக்கங்கள் அடங்கின. அக்காலத்திற்கு அது மலைக்கத்தக்க அளவு.

எல்.டி.ஓ. என்பது ஐ.பி.எம்., ஹியூலெட் பக்கார்ட், சீகேட் ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி வகுத்த பொது அளவை. முதல் தலைமுறை 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பேழையில் 100 ஜிகாபைட்டு கொண்டது. எங்களிடம் உள்ள ஐந்தாம் தலைமுறை 2010-இல் வந்தது, கொள்ளளவு 1.5 டெராபைட்டு. 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறைப் பேழையில் 18 டெராபைட்டு அடங்கும். வியப்பு என்னவெனில் நாடாவின் அகலம் இன்றும் 12.65 மில்லிமீட்டர்தான், அதாவது அன்றைய அதே அரை அங்குலம்.

பேழையின் மேல் 3 டெராபைட்டு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதைக் கண்டு மயங்குதல் கூடாது. செய்திகளைப் பாதியாகச் சுருக்க முடிந்தால் கிடைக்கும் அளவு அது. எழுத்துக் கோப்புகள் சுருங்கும். நிழற்படங்களும் ஒலிப்பதிவுகளும் முன்னமே சுருக்கப்பட்டவை ஆகையால் மேலும் சுருங்கா.

"நாலு ஹார்டு டிஸ்க்கில் நாலு நகல் வைத்துக்கொண்டால் போதாதா?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் பயன்படுத்துவோரில் 0.02 விழுக்காட்டினர் தம் அஞ்சல் பெட்டியைத் திறந்தபோது அது வெறுமையாக இருக்கக் கண்டனர். அந்நிறுவனம் ஒவ்வொரு கடிதத்திற்கும் பல நகல்களைப் பல ஊர்களில் வைத்திருந்தது. ஆயினும் மென்பொருளில் புகுந்த ஒரு பிழை அத்தனை நகல்களையும் ஒருசேரத் தாக்கிவிட்டது. இணைப்பில் இல்லாமல் தனியே நாடாவில் இருந்த நகல் ஒன்றே தப்பியது. அதிலிருந்து கடிதங்களை மீட்டனர். மின்னிணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும் நகல்கள் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகளைப் போன்றவை. பேழையை வெளியே எடுத்து பீரோவில் வைத்துவிட்டாலோ, எந்த நச்சு நிரலும் அதை எட்டித் தொட இயலாது.

நாடா ஓடும் விதம்

கேசட்டில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போடுவோம். இங்கு அவ்வாறன்று. உழவர் ஏர் ஓட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வயலின் ஒரு கோடி வரை ஓட்டி, அங்கே திரும்பி, அடுத்த சாலில் இக்கோடிக்கு வருகிறார் அல்லவா? எல்.டி.ஓ.வும் அப்படித்தான். ஐந்தாம் தலைமுறை நாடாவின் அகலத்தில் 1,280 தடங்கள் உள்ளன. எழுதும் தலையில் 16 முனைகள் ஒரே சமயத்தில் உழுகின்றன. ஆக 80 முறை நாடா இக்கோடிக்கும் அக்கோடிக்குமாக ஓடினால்தான் ஒரு பேழை நிறையும். நாடாவின் நீளம் 846 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 67 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரத்தை நெருங்கிவிடலாம். இந்த ஓட்டம் முழுவேகத்தில், நொடிக்கு 140 மெகாபைட்டு என்ற கணக்கில், மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இத்தனை மெல்லிய தடங்களில் தலை வழுவாமல் செல்ல வேண்டுமானால் வழிகாட்டும் கோடுகள் வேண்டும். அக்கோடுகளைத் தொழிற்சாலையிலேயே நாடாவில் பதித்து அனுப்புகிறார்கள். இதனை நன்கு நினைவிற்கொள்ள வேண்டும். பழைய கேசட்டை வலிய காந்தத்தால் ஒரேயடியாக அழித்து மறுபடி பயன்படுத்துவதுண்டு. எல்.டி.ஓ. பேழையை அவ்வாறு அழித்தால் வழிகாட்டிக் கோடுகளும் சேர்ந்து அழிந்துவிடும். பிறகு அதை எந்த டிரைவும் ஏற்காது, குப்பைதான். எங்கள் அண்ணன் அவர்கள் கடையில் வைத்திருந்த அழிப்புக் காந்தத்தைக் கொண்டுவருவதாகச் சொன்னபோது நான் அவசரமாகத் தடுத்தேன்.

எழுதும் முனைக்குப் பின்னாலேயே படிக்கும் முனை ஒன்றும் ஓடி வருகிறது. எழுதியதை அக்கணமே படித்துப் பார்த்து, பிழை இருந்தால் மேலும் சற்றுத் தள்ளி மீண்டும் எழுதச் செய்கிறது. ஆகவே நாடா தானாகப் பிழை செய்வது அரிது. பிழை பெரும்பாலும் நம்மிடமிருந்தே வருகிறது.

பொருத்திய கதை

இணைப்பு 'சாஸ்' வகை. நம் வீட்டுக் கணிப்பொறிகளில் அதற்குத் துளை இராது. தனி அட்டையைத் தாய்ப்பலகையில் செருக வேண்டும். வந்த அட்டையைச் செருகினோம், கம்பியை மாட்டினோம், விசையைப் போட்டோம். டிரைவில் விளக்கு எரிந்தது. கணிப்பொறியோ அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்று நாள் இப்படிக் கழிந்தது. பின்னர்தான் காரணம் விளங்கிற்று. பெட்டியில் வந்தது பல ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்து ஆளும் 'ரெய்டு' அட்டை. அத்தகைய அட்டைகளில் பல, டிஸ்க் அல்லாத கருவியைக் கணிப்பொறிக்குக் காட்டுவதே இல்லை. செய்தியை உள்ளபடி கடத்தும் எளிய அட்டை ஒன்றைப் பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கிப் போட்டதும் டிரைவ் உடனே தென்பட்டது. கம்பியை மாட்டுவதும் கழற்றுவதும் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே என்பதை விதியாக்கிக்கொண்டோம். டிரைவையும் கணிப்பொறியையும் ஒரே யு.பி.எஸ்ஸில் இணைத்தோம். நம் ஊர் மின்வெட்டு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாடா பாதி ஓட்டத்தில் இருக்கும்போது மின்சாரம் போவது நல்லதன்று.

இடம் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. முதலில் வைத்த மேசை கரும்பலகைக்கு அருகில் இருந்தது. ஒரு வாரத்தில் டிரைவின் முகப்பில் விரல் வைத்தால் வெள்ளையாக ஒட்டியது, சாக்பீஸ் தூள். டிரைவினுள் காற்றை இழுக்கும் விசிறி ஒன்று உண்டு. அத்தூளையெல்லாம் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே அடுத்த அறைக்கு, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மாற்றினோம். பெருக்கும் அம்மாவிடம் அந்த அறையை மட்டும் ஈரத் துணியால் துடைக்கும்படி கேட்டுக்கொண்டோம்.

லினக்ஸ் இயங்கமைப்பில் தனி மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. 'டார்' என்னும் நிரலே போதும். 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த நிரல் அது. அதன் பெயரே நாடாக் காப்பகம் என்பதன் சுருக்கந்தான். நாடாவைச் சுருட்டவும் நகர்த்தவும் 'எம்.டி.' என்னும் சிறு நிரல் உண்டு. இயல்பாக 'டார்' ஒரு முறைக்கு 10 கிலோபைட்டாக எழுதும்; அதை 256 கிலோபைட்டாக உயர்த்திக்கொண்டால் ஓட்டம் சீராகிறது.

சீரான ஓட்டம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் சோதனையின்போது டிரைவ் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஓடும், நிற்கும், பின்னால் போகும், மறுபடி ஓடும். கமலை இறைக்கும் மாடுகள் முன்னும் பின்னும் போய்வருவதைப் போல. காரணம், செய்தியை நாங்கள் பழைய யு.எஸ்.பி. டிஸ்க்கிலிருந்து நேரே கொடுத்தோம். அது நொடிக்கு 30 மெகாபைட்டுக்கு மேல் தரவில்லை. டிரைவ் தன் வேகத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்துக்கொள்ள வல்லது. அதற்கும் கீழே போனால், எழுதச் செய்தி இல்லாமல் நாடாவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மீண்டும் ஓட்டம் பிடிக்க வேண்டியதாகிறது. நாடாவும் தலையும் ஒருசேரத் தேயும். செய்தியை முதலில் கணிப்பொறியின் உள் டிஸ்க்கிற்கு மாற்றி, அதிலிருந்து ஒரே கோப்பாகக் கொடுத்தபோது உறுமல் நின்று சீரான இரைச்சல் மட்டும் கேட்டது. டிரைவின் உடல்நலத்தை அதன் ஓசையிலேயே அறியலாம் என்று அண்ணன் சொன்னது உண்மைதான்.

ஓரெழுத்துப் பிழை

இனி என் பிழைக்கு வருகிறேன்.

டிரைவ் ஓடத் தொடங்கிய செய்தி பரவியதும் தமிழ்த்துறைப் பேராசிரியை அவர்கள் ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளாக அவர்களுடைய மாணவர்கள் சுற்றுவட்டார ஊர்களுக்குச் சென்று பதிவு செய்த நாட்டுப்புறப் பாடல்கள், ஒலியும் ஒளியுமாக 310 ஜிகாபைட்டு. முதல் நாள் இரவு அதை நாடாவில் ஏற்றினேன். இரண்டாம் இரவு வரலாற்றுத்துறையின் கல்வெட்டு நிழற்படங்கள், 140 ஜிகாபைட்டு. மூன்றாம் இரவு எங்கள் துறையின் நிரல்கள், 25 ஜிகாபைட்டு. ஒரே பேழையில், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு காலையும் திரையில் பிழை ஏதுமில்லை என்றே காட்டிற்று. நான் பெருமிதத்தோடு தமிழ்த்துறைக்குச் சென்று, "அம்மா, எல்லாம் பத்திரமா நாடாவுல ஏறிடுச்சு" என்று சொன்னேன். மாணவர்கள் தங்கள் கைபேசிகளில் இடம் போதவில்லை என்று முன்பே முறையிட்டுக்கொண்டிருந்தனர். என் சொல்லை நம்பி, பதிவுகளைக் கைபேசியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த டிஸ்க் மேசையிலிருந்து தவறி விழுந்தது. அதன் பிறகு அது டக் டக் என்று ஓசை எழுப்பியதே தவிர, ஒரு கோப்பையும் காட்டவில்லை. பேராசிரியை அவர்கள் சற்றும் கலங்காமல் என்னிடம் வந்தார்கள். நாடாவில்தான் இருக்கிறதே!

பேழையைச் செருகினேன். முதல் தொகுப்பின் பட்டியலைக் கேட்டேன். திரையில் வந்தவை எங்கள் துறையின் நிரல்கள். வரிசை மாறிவிட்டது போலும் என்று எண்ணி அடுத்த தொகுப்பிற்கு நகரச் சொன்னேன். பதிவு இத்துடன் முடிந்தது என்று டிரைவ் விடை கூறியது. மூன்று இரவு எழுதியதில் கடைசி இரவு எழுதியது மட்டுமே இருந்தது.

நடந்தது இதுதான். லினக்ஸில் ஒரே டேப் டிரைவிற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று 'எஸ்.டி.0'. மற்றொன்று 'என்.எஸ்.டி.0'. முதற்பெயரால் அழைத்தால், வேலை முடிந்தவுடன் நாடா தானாகவே தொடக்கத்திற்குச் சுருண்டுகொள்ளும். இரண்டாவது பெயரால் அழைத்தால் எழுதி நிறுத்திய இடத்திலேயே நிற்கும். அந்த 'என்' சுருட்டாதே என்பதைக் குறிக்கும் எழுத்து. நான் மூன்று இரவும் முதற்பெயரையே பயன்படுத்தியிருந்தேன். ஒவ்வொரு முறையும் நாடா தொடக்கத்திற்குத் திரும்ப, அடுத்த இரவின் தொகுப்பு முன்னதன் தலையிலேயே எழுதப்பட்டது. நாடாவின் இயல்பு, கடைசியாக எழுதியதற்குப் பின் 'பதிவு முடிந்தது' என்னும் குறியை இடுவது. அக்குறிக்கு அப்பால் என்ன இருந்தாலும் டிரைவ் அதைப் படிக்க மறுத்துவிடும். ஓரெழுத்து ஒருமொழி பற்றி இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். ஓரெழுத்து இத்தனை பொருள் தரும் என்று நான் அன்றுதான் கற்றேன்.

வரலாற்றுத்துறைப் படங்களுக்கு மூல நகல் அவர்களிடமே இருந்தது. தமிழ்த்துறை மாணவர்களில் சிலர் நல்ல வேளையாகக் கைபேசியைத் துடைக்காமல் வைத்திருந்தனர். இன்னும் சிலர் நண்பர்களுக்கு அனுப்பியிருந்தனர். வீடு வீடாகச் சென்று திரட்டினோம். பெரும்பகுதி திரும்பி வந்தது. ஒரு பாட்டி பாடிய ஒன்பது நடவுப் பாட்டுகள் மட்டும் எவரிடமும் இல்லை. பதிவு செய்த மாணவி என் பேச்சை நம்பி முதலாவதாக நீக்கியவர். மறுபடி சென்று பதிவு செய்து வருகிறேன் என்று நான் சொன்னபோது பேராசிரியை அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அந்தப் பாட்டி போன தை மாசமே தவறிட்டாங்கப்பா" என்று மட்டும் சொன்னார்கள்.

'டாய் ஸ்டோரி 2' என்னும் புகழ்பெற்ற படத்திற்கும் 1998-இல் இப்படி ஒரு கண்டம் நேர்ந்ததாகப் பின்னர் படித்தேன். யாரோ தவறாக இட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்பு நகலை எடுத்துப் பார்த்தால் அது ஒழுங்காகப் பதிவாகியிருக்கவே இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணிபுரிந்த கேலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணிப்பொறியில் இருந்த நகல்தான் படத்தைக் காத்தது. அவர்களுக்கு ஒரு கேலின் சஸ்மன் இருந்தார்.

இப்போதைய நடைமுறை

அதன் பிறகு நாங்கள் வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். எழுதும் முன் 'எம்.டி.' கொண்டு நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்கிறோம். பதிவின் இறுதிக்குச் செல்லும்படி ஆணையிட்டு, மீண்டும் ஒருமுறை கேட்கிறோம். சுருட்டாத பெயரால் மட்டுமே எழுதுகிறோம். மற்றப் பெயரை மாணவர் கணக்கிலிருந்து எட்ட முடியாதபடி துறைத்தலைவர் அவர்களே பூட்டிவிட்டார்கள். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோப்பிற்கும் 'ஷா-256' என்னும் கைரேகை எண்ணைக் கணக்கிட்டு வைக்கிறோம். எழுதிய மறுநாள், வேறொரு மாணவர் நாடாவிலிருந்து தொகுப்பை முழுவதுமாகத் திரும்ப எடுத்து அக்கைரேகைகளை ஒப்பிட வேண்டும். எழுதியவரே ஒப்பிடுதல் கூடாது. ஒப்பிட்டு முடியும் வரை 'ஏறிவிட்டது' என்னும் சொல்லை வாயால் சொல்லக் கூடாது என்பது எனக்கு மட்டும் விதிக்கப்பட்ட தனி விதி.

எல்லாம் ஒரு நீண்ட நோட்டில் பேனாவால் எழுதப்படுகின்றன: பேழையின் எண், தொகுப்பின் வரிசை எண், தேதி, அளவு, எழுதியவர், ஒப்பிட்டவர். கணிப்பொறியின் பட்டியலைக் கணிப்பொறியிலேயே வைத்தால் அது சாகும்போது பட்டியலும் சாகும் அல்லவா?

பேழைகளைச் சுழற்றுவதற்கு உலகெங்கும் வழங்கும் முறையைப் பாட்டன், தந்தை, மகன் என்பார்கள். நாள்தோறும் எழுதுவது மகன். அடுத்த வாரம் அதே கிழமையில் அது மறுபடி எழுதப்படும். வாரக் கடைசியில் எழுதுவது தந்தை. ஒரு மாதம் இருக்கும். மாதக் கடைசியில் எழுதுவது பாட்டன். அதை எவரும் தொடுவதில்லை. பன்னிரண்டு பேழைகளைக் கொண்டு முழுமையாக இம்முறையை நடத்த முடியாது. கல்லூரிக்கு நாள்தோறும் மாறும் செய்தி அவ்வளவு இல்லை என்பதால் மகனை விட்டுவிட்டுத் தந்தையையும் பாட்டனையும் மட்டும் வைத்துக்கொண்டோம். பாட்டன் பேழை நம் வளாகத்தில் இராது. கல்லூரிக்கு வெளியே ஒரு பாதுகாப்பான இடத்தில் உள்ளது. தீயும் வெள்ளமும் பீரோவைக் கேட்டு வருவதில்லை.

பேணும் முறை

தலையைத் துடைப்பதில் அண்ணனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. கேசட் கடையில் வாரம் ஒருமுறை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தலையைத் துடைப்பது அவர் வழக்கம். எல்.டி.ஓ.வில் கையை உள்ளே விடவே கூடாது. உள்ளேயே சிறு தூரிகை ஒன்று தலையைத் துடைத்துக்கொள்கிறது. அதற்கும் மீறினால் டிரைவே முகப்பில் விளக்கை எரியவிட்டுத் துப்புரவுப் பேழையைக் கேட்கும். கேட்டால் மட்டுமே செருக வேண்டும். துப்புரவு நாடா சற்றுச் சொரசொரப்பானது. அடிக்கடி போட்டால் தலை தேயும். பெரும்பாலான துப்புரவுப் பேழைகள் 50 முறை பயன்படும். அந்தக் கணக்கைப் பேழையில் உள்ள சில்லே வைத்துக்கொள்கிறது. ஆம், ஒவ்வொரு எல்.டி.ஓ. பேழையிலும் கம்பியின்றிப் படிக்கத்தக்க நினைவகச் சில்லு ஒன்று உண்டு. எத்தனை முறை செருகப்பட்டது, எத்தனை பிழை நேர்ந்தது என்னும் வரலாறு அதில் பதிவாகிறது. நோயாளியின் கையோடு போகும் மருத்துவச் சீட்டைப் போன்றது அது. சுத்தம் செய்த உடனே மறுபடி விளக்கு எரிந்தால் குறை டிரைவிலா பேழையிலா என்று வேறு பேழை போட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒருமுறை குறை பேழையில்தான் இருந்தது, அதை ஒதுக்கிவிட்டோம்.

கீழே விழுந்த பேழையை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், டிரைவில் செருகுதல் கூடாது. நாடாவின் நுனியில் ஒரு சிறு உலோக ஊசி உள்ளது; டிரைவ் அதைப் பிடித்துத்தான் நாடாவை வெளியே இழுக்கிறது. விழுந்த அதிர்ச்சியில் ஊசி நழுவியிருந்தால் டிரைவே பழுதாகிவிடும். வெயிலில் பேருந்தில் கொண்டுவந்த பேழையை ஒரு நாள் அறையில் வைத்திருந்து பிறகே செருக வேண்டும். நெடுங்காலம் வைப்பதற்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் உகந்தவை என்கின்றனர். முறையாக வைத்தால் 30 ஆண்டு வரை இருக்கும் என்பது தயாரிப்பாளர் கூற்று. நம் ஊர் ஐப்பசி மழையில் 50 விழுக்காட்டை எங்கே காண்பது? காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளோடு, நிமிர்த்தி அடுக்கி வைத்திருக்கிறோம். கல்லூரி விழாவிற்கு வந்த பெரிய ஒலிபெருக்கிகளை ஒருமுறை அந்த பீரோவிற்கு அருகில் இறக்கி வைத்துவிட்டார்கள். நானும் அண்ணனும் ஓடிச் சென்று நகர்த்தினோம்.

நாடா 30 ஆண்டு இருந்தாலும் அதைப் படிக்கும் பொறி இருக்க வேண்டுமே. 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்காவின் லூனார் ஆர்பிட்டர் கலங்கள் நிலவைச் சுற்றிவந்து எடுத்த படங்கள் நாடாக்களில் காக்கப்பட்டன. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 என்னும் பெரிய பொறிகளோ வழக்கொழிந்தன. நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார் அப்பொறிகள் சிலவற்றைக் குப்பைக்குப் போகாமல் பல ஆண்டுகள் தம் வீட்டு வளாகத்தில் வைத்துக் காத்தார். அவற்றைப் பழுது பார்த்துத்தான் 2008-இல், நிலவின் விளிம்பிலிருந்து புவி தோன்றும் அந்தப் புகழ்பெற்ற படத்தை முன்னிலும் தெளிவாக மீட்டெடுத்தனர். எங்கள் ஐந்தாம் தலைமுறைப் பேழைகளை ஐந்து, ஆறு, ஏழு ஆகிய தலைமுறை டிரைவ்கள் மட்டுமே படிக்கும். எட்டாம் தலைமுறை படிக்காது. ஆகவே இந்த டிரைவ் ஓடும்போதே அடுத்த டிரைவிற்கான வழியைத் தேட வேண்டும் என்று துறைத்தலைவர் அவர்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

பிழை நேர்ந்த அந்தப் பேழையை நாங்கள் மறுபடி பயன்படுத்தவில்லை. எழுத்தைத் தடுக்கும் சிறு பூட்டைத் தள்ளி மூடி, பீரோவின் மேல்தட்டில் தனியே வைத்திருக்கிறோம். இரண்டாம் இரவின் எழுத்து முதல் 140 ஜிகாபைட்டை மட்டுமே மூடியது. அதற்கு அப்பால் 310 வரை உள்ள பகுதியில் முதல் இரவு எழுதியது இன்னும் காந்தமாக அப்படியே இருக்கிறது. ஊர்ப் பெயர்களின் அகர வரிசைப்படி பார்த்தால் பாட்டியின் ஊர் அந்தப் பின்பகுதியில் வருகிறது. இறுதிக் குறியைத் தாண்டிப் படிக்க வல்ல மீட்பு நிலையங்களுக்கு எழுதிக் கேட்டு வருகிறோம். பேழையின் முதுகில் தமிழ்த்துறைப் பேராசிரியை அவர்கள் தம் கையாலேயே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்: 'நடவுப் பாட்டு, 9. அழிக்காதீர்.'